தடைப்பட்ட யாத்திரைகள்: எறும்பியப்பாவும் சோளிங்கர் தொட்டாசாரியாரும்

எம்பெருமான் உகந்தருளின நிலங்களைச் சேவிக்கப் புறப்படுதல் ஸ்ரீவைஷ்ணவ வாழ்வின் இயல்பான அங்கம். ஆழ்வார்களில் திருமங்கையாழ்வார் திவ்யதேசங்கள்தோறும் நடந்து மங்களாசாஸனம் செய்தருளினார். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யம் இயற்றும்பொருட்டுக் கூரத்தாழ்வானுடன் காஷ்மீரம் வரை எழுந்தருளியதையும் குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கின்றன. நிறைவேறிய யாத்திரைகளின் வரலாறாகவே ஸம்ப்ரதாய வரலாற்றின் பெரும்பகுதி அமைந்திருக்கிறது.

பாலாற்றின் வடகிழக்கே, திருக்கடிகை எனும் சோளிங்கரைச் சூழ்ந்த பகுதியின் வைணவ வரலாறு இதற்குச் சற்று மாறானது. இங்கே நினைவில் நிலைத்த இரு யாத்திரைகளும் தடைப்பட்டவை. ஒன்றில், ஆசாரியனைச் சேவிக்கச் சென்றவர் அவர் அளித்த பிரஸாதத்தை ஏற்காமல் ஊர் திரும்பினார். மற்றொன்றில், ஆண்டுதோறும் சென்றவர் ஓராண்டு புறப்படவே இயலாமல் குளக்கரையில் நின்றார். முன்னவர் மணவாள மாமுனிகளின் அஷ்டதிக்கஜங்களுள் ஒருவரான எறும்பியப்பா. பின்னவர் ‘சண்டமாருதம்’ இயற்றிய தொட்டாசாரியார். இருவரும் தோன்றிய நிலத்தோடு சேர்த்து இவ்விரு வரலாறுகளையும் படிக்கும்போது, யாத்திரை என்பது எதற்காக என்ற வினாவுக்கு ஸம்ப்ரதாயம் தரும் விடை தெளிவாகிறது.

நிலமும் வழியும்

கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், இராணிப்பேட்டை, வாலாஜா வழியாகக் காஞ்சியின் தெற்கே சென்று வயலூரருகே கடலில் கலக்கும் பாலாறு, வடமொழியில் க்ஷீரநதி எனப்படும். இன்று இந்த ஆற்றங்கரை நெடுகிலும் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயர் ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகள் வரை தோலால் அறியப்பட்டது. 2019 வரை இப்பகுதி முழுவதும், சோளிங்கர் உட்பட, வேலூர் என்ற ஒரே மாவட்டமாக இருந்தது. அவ்வாண்டு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. அதற்கும் முன்னர் இது வடஆர்க்காடு.

பழைய வைணவ மனத்துக்கு இவ்வாறு வேறுவகையில் அறிமுகமானது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே, பாலாற்றங்கரையில், பள்ளிகொண்டாவில் உத்தர ரங்கநாதர் சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். ஊரின் பெயரே அவருடைய கிடந்த திருக்கோலத்தால் வந்தது. பிரமனின் வேள்வியை அழிக்க ஸரஸ்வதி ஆறாகப் பெருகி வந்தபோது, எம்பெருமான் அவளைத் தடுக்க வழியில் மூன்று இடங்களில் குறுக்கே சயனித்தான் என்பது தலவரலாறு. முதலிடம் பள்ளிகொண்டா, இரண்டாவது காவேரிப்பாக்கத்தை அடுத்த திருப்பாற்கடல், மூன்றாவது காஞ்சித் திருவெஃகா. இவற்றுள் ஆழ்வார்களால் பாடப்பெற்ற திவ்யதேசம் திருவெஃகா. ஆயினும் மூன்றையும் ஒரே நிகழ்வின் மூன்று கட்டங்களாகக் கோத்திருப்பதால், பாலாற்றின் வழியே மேற்கிலிருந்து காஞ்சிக்குச் செல்பவனுக்கு அந்த வழியே ஒரு கதையாகிறது. அவன் நடக்கும் திசையிலேயே, அவனுக்கு முன்னரே, எம்பெருமான் சென்றிருக்கிறான்.

திருவெஃகா எம்பெருமானுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று திருநாமம். கணிகண்ணன் நாடுகடத்தப்பட, அவனோடு திருமழிசையாழ்வாரும் புறப்பட, ஆழ்வாரின் சொல்லுக்கிணங்கி எம்பெருமான் பைந்நாகப்பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்பின் சென்றதும், அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை ஆனதும் ஸம்ப்ரதாயம் நன்கறிந்தவை. அடியவன் சென்ற வழியே பெருமான் செல்லுதல் என்ற கருத்து இப்பாலாற்றுப் படுகைக்குப் புதிதன்று என்பதற்காகவே இங்கு அது நினைக்கத்தக்கது.

இந்நிலத்தில் விஷ்ணு வழிபாட்டின் தொன்மைக்குக் கல்லிலேயே சான்றுண்டு. சோளிங்கருக்குத் தென்கிழக்கே மகேந்திரவாடியில், தனித்து நிற்கும் ஒரு பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கோயில் இன்றும் நிற்கிறது. குணபரன் என்ற தன் விருதுப்பெயரால், மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், முராரிக்கு மகேந்திர விஷ்ணுக்ருஹம் எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. ஊரும் ஏரியும் கோயிலும் ஒருசேர அமைந்த நிலையைக் காட்டும் இச்சான்று, திருமங்கையாழ்வார் காலத்துக்கு முற்பட்டது. சோளிங்கரருகே உள்ள முதலாம் பராந்தகன் காலத்துப் பாறைக் கல்வெட்டில், கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதி வாணாதிராசன் என்ற பட்டம் பெற்ற செய்தி காணப்படுகிறது. பல்லவர், வாணர், கங்கர், சோழர் என அடுத்தடுத்து அரசுகள் மாறிய எல்லைநிலம் இது.

திருக்கடிகை

இத்தகைய எல்லைநிலத்தின் நடுவே நிலைத்து நிற்பது திருக்கடிகை. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இதனை மங்களாசாஸனம் செய்துள்ளனர். பெரியமலையில் யோக நரசிம்மரும் அமிர்தவல்லித் தாயாரும், சின்னமலையில் சங்கும் சக்கரமும் தரித்த நாற்றோள் ஆஞ்சநேயரும் சேவை ஸாதிக்கின்றனர். உத்ஸவமூர்த்தி பக்தவத்ஸலப் பெருமாள் மலையடிவாரத்து ஊரில் தனிக்கோயிலில் எழுந்தருளியிருக்கிறார். தக்கான் என்பது அவருடைய மற்றொரு திருநாமம். தக்கான் குளம் என்ற தீர்த்தத்தின் பெயரும் அதனோடு இயைந்தது.

கடிகை என்ற சொல்லுக்கு ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், என்பது ஒரு பொருள். ஒரு நாழிகைப் பொழுது இம்மலையில் தங்கினும் பேறு கிட்டும் என்று தலவரலாறு அப்பொருளை விரிக்கிறது. பல்லவர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கடிகை என்பது வேதமும் சாத்திரமும் பயிலும் கல்விச்சாலையையும் குறிக்கும். கதம்ப மரபின் முதல்வனான மயூரசர்மன் கல்வியின்பொருட்டுக் காஞ்சிக் கடிகைக்குச் சென்றதைத் தாளகுண்டாக் கல்வெட்டு குறிக்கிறது. திருக்கடிகையின் பெயர்க்காரணம் எதுவாயினும், பிற்காலத்தில் இம்மலையடிவாரம் இரு பொருளுக்கும் உரியதாயிற்று என்பதில் ஐயமில்லை. யாத்திரிகர் ஒரு நாழிகை நின்று செல்லும் மலையாகவும், ஆசாரியர்கள் தலைமுறைகளாக நூல் இயற்றி மாணவர்க்கு உரைத்த கல்விநிலமாகவும் அது விளங்கியது.

எறும்பியப்பா: திரும்பி வந்த யாத்திரை

சோளிங்கரை அடுத்த சிற்றூர் எறும்பி. அங்கே ஐப்பசி ரேவதியில் அவதரித்த தேவராஜகுரு, ஊர்ப்பெயரால் எறும்பியப்பா என வழங்கப்பெற்றார். இல்லத்துத் திருவாராதனப் பெருமாளான சக்கரவர்த்தித் திருமகனிடம் ஈடுபட்டு, சாத்திரங்களில் தேர்ந்து, ஆசாரத்தில் சிறிதும் வழுவாது வாழ்ந்தவர். அக்காலத்தில் திருவரங்கத்தில் மணவாள மாமுனிகள் (1370–1443) தரிசனத்தை நிர்வஹித்துவந்தார். அவருடைய பெருமையைக் கேள்வியுற்று, எறும்பியப்பா ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து திருவரங்கம் சேர்ந்தார்.

அங்கே மாமுனிகளின் உபந்யாஸத்தைக் கேட்டு, அவருடைய ஞானத்தில் உள்ளம் உருகினார். பின்னர் மடத்தில் பிரஸாதம் ஸ்வீகரிக்க மாமுனிகள் அவரை அழைத்தார். அப்போதுதான் தடை வந்தது. துறவி அளிக்கும் அன்னத்தை இல்லறத்தார் உண்ணலாகாது என்ற சாத்திர வசனம் அவர் நினைவுக்கு வந்தது. பிரஸாதம் ஏற்காமல் விடைபெற்று எறும்பிக்குத் திரும்பினார்.

இதனை அவமதிப்பு என்று எளிதில் கூறிவிட இயலாது. அவர் செய்தது சாத்திர விதியைப் பின்பற்றியதே. ஆசாரசீலரான ஒருவரிடம் எதிர்பார்க்கத்தக்க செயல்தான் அது. வரலாற்றின் கனம் இங்கேதான் இருக்கிறது: குற்றமென்று எவரும் சுட்டமுடியாத ஒரு செயலால் யாத்திரை பயனற்றுப்போனது.

ஊர் சேர்ந்து, மறுநாள் அனுஷ்டானங்களை முடித்துத் திருவாராதனத்துக்காகக் கோயிலாழ்வாரின் கதவைத் திறக்க முற்பட்டார். கதவு திறக்கவில்லை. எவ்வளவு முயன்றும் திறவாமையால் உணவின்றித் துயரத்தோடு துயின்றார். கனவில் சக்கரவர்த்தித் திருமகன் தோன்றி, ஆதிசேஷனின் அவதாரமான மாமுனிகளிடம் அபசாரப்பட்டதை உணர்த்தி, மீண்டும் சென்று அவர் திருவடிகளைப் பற்றுமாறு நியமித்தருளினான். எறும்பியப்பா மறுபடி திருவரங்கம் சென்று மாமுனிகளை ஆச்ரயித்தார்.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அவரைக் கண்டித்தவர் மாமுனிகள் அல்லர். மாமுனிகளின் சீடரும் அல்லர். அவர் தம் கைகளால் நாள்தோறும் ஆராதித்துவந்த, அவருக்கே உரிய இல்லத்துப் பெருமாள். எந்த ஆசாரத் தூய்மை அந்தப் பெருமாளின் ஆராதனத்துக்காகக் காக்கப்பட்டதோ, அந்த ஆராதனத்தையே அவன் மறுத்தான். அடியாரை விலக்கிக் காத்த தூய்மை எம்பெருமானிடம் செல்லுபடியாகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

அதன்பின் நிகழ்ந்ததும் பொருத்தமானது. திருவரங்கத்தில் சிலகாலம் மாமுனிகளின் திருவடிநிழலில் வாழ்ந்து, எறும்பிக்கு மீண்ட அப்பா, ஆசாரியனின் பிரிவால் வருந்தி, விடியல் தொடங்கி இரவு வரை மாமுனிகளின் ஒரு நாளை முழுமையாக நினைந்து, வடமொழிச் சுலோகங்களாகப் பூர்வ தினசரியை, உத்தர தினசரியை என இரு பகுதிகளை இயற்றினார். ஒரு ஸ்ரீவைஷ்ணவர் வழியே அதனைத் திருவரங்கத்துக்கு அனுப்பினார். மாமுனிகள் அதனைக் கண்டுகந்து அவரை அழைத்துவரச் செய்தார். நம்பெருமாள் திருமுன்பு நிகழ்ந்த பகவத்விஷய காலக்ஷேபத்தில் அன்வயிக்கும் பேறும் அவருக்குக் கிட்டியது.

ஆசாரியன் ஒருவரின் அன்றாட வாழ்வை இவ்வளவு அணுக்கமாகப் பதிவுசெய்த நூல்கள் மிகச் சில. அத்தகைய நூல் திருவரங்கத்தில், மாமுனிகளின் அருகிருந்து எழுதப்படாமல், பாலாற்றுக்கு வடக்கே ஒரு சிற்றூரில், பிரிவினால் எழுதப்பட்டது. ஒருநாள் ஆசாரியனின் அன்னத்தை ஏற்கத் தயங்கியவர், அதே ஆசாரியனின் ஒவ்வொரு நாளையும் பின்வந்தோர் அனுஸந்திக்கும்படி செய்தார். பூர்வ தினசரியை, யதிராஜ விம்சதி, உத்தர தினசரியை என்ற வரிசையில் அது இன்றும் ஸேவிக்கப்படுகிறது. வரவரமுநி சதகமும், விலக்ஷண மோக்ஷாதிகாரி நிர்ணயமும் அவர் பெயரால் வழங்குவன.

தொட்டாசாரியார்: புறப்படாத யாத்திரை

எறும்பியப்பாவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே மலையடிவாரத்தில் வாழ்ந்தவர் தொட்டாசாரியார். முதலியாண்டான் மரபில், வாதூல குலத்தில் வந்தவர். மஹாசாரியர் என்றும் ராமாநுஜதாஸர் என்றும் நூல்கள் இவரைக் குறிக்கின்றன. காஞ்சிப் பேரருளாளனிடம் தீராத ஈடுபாடு கொண்டு, வைகாசி பிரஹ்மோத்ஸவத்தின் மூன்றாம் நாளான கருடஸேவைக்கு ஆண்டுதோறும் சென்று ஸேவித்துவந்தார். சோளிங்கருக்கும் காஞ்சிக்கும் இடையே இன்றைய சாலைவழி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நடந்தோ வண்டியிலோ செல்லும் காலத்தில் இரண்டு நாள் வழி எனலாம்.

ஓராண்டு உடல்நலிவு அவரைத் தடுத்தது. கருடஸேவை நாளன்று விடியலில், தக்கான் குளக்கரையில் நின்று, காஞ்சியில் அந்நேரம் பேரருளாளன் கோபுரவாசலில் எழுந்தருளும் அழகை நினைந்து கண்ணீர் மல்க ஐந்து சுலோகங்கள் பாடினார். தேவராஜ பஞ்சகம் எனப்படுவது அதுவே. அக்கணத்தில் எம்பெருமான் கருடாரூடனாக அக்குளக்கரையிலேயே அவருக்குக் காட்சியளித்தான் என்பது ஸம்ப்ரதாயம். காஞ்சியில் கூடியிருந்தோர்க்கு அந்தக் கணத்தில் பெருமான் மறைந்தான்.

இந்நிகழ்ச்சிக்குச் சான்று எது என்று வரலாற்று மாணவன் வினவக்கூடும். சான்றாக நிற்பது காஞ்சிக் கோயிலின் வழக்கமே. ஒவ்வோராண்டும் கருடஸேவையன்று பேரருளாளன் கோபுரவாசலில் எழுந்தருளும்போது, திருக்குடைகளால் அவனுடைய திருமேனி சிறிது நேரம் மறைக்கப்படுகிறது. தொட்டாசாரியார் ஸேவை என்று அதற்குப் பெயர். விடியலுக்கு முன்பிருந்தே காத்துநிற்கும் பெருங்கூட்டம், பெருமான் வெளிப்படும் அந்தக் கணத்திலேயே, அவனை ஸேவிக்க இயலாமல் நிற்கிறது. வர இயலாத ஒருவருக்காக, வந்தவர்கள் அனைவரும் ஸேவையை விட்டுக்கொடுக்கிறார்கள்.

திருவிழாக்கள் பெரும்பாலும் ஒருவரின் வருகையைக் கொண்டாடுவன. ஆழ்வார் எழுந்தருளினார், ஆசாரியன் எழுந்தருளினார், அரசன் வந்து வணங்கினான் என்பன அவற்றின் பொருள். வாராமையை ஒரு சடங்காக்கி நூற்றாண்டுகளாகக் காத்துவருவது அரிது. பெரிய கோயில் ஒன்று, தன் மிகப்பெரிய நாளின் உச்சக் கணத்தில், 60 கிலோமீட்டருக்கு அப்பால் குளக்கரையில் நிற்கும் ஓர் அடியவனை நினைக்கிறது என்பதே இச்சடங்கின் உட்பொருள்.

நூல்களின் யாத்திரை

குடைமறைவின் புகழால் மற்றொரு மறைவும் நேர்ந்திருக்கிறது. தொட்டாசாரியாரைக் குளக்கரைப் பக்தராக அறிந்தவர் பலர். தர்க்கவல்லுநராக அறிந்தவர் சிலரே. வேதாந்ததேசிகன் (1268–1369) அருளிய சததூஷணிக்கு அவர் இயற்றிய வியாக்கியானமே சண்டமாருதம். அத்வைதத்தின் நுணுக்கமான வாதங்களை எடுத்துக்கொண்டு மறுக்கும் சததூஷணியில் இன்று 66 வாதங்களே கிடைக்கின்றன. அதன் செறிவை விரித்து, பிற்காலத்து மறுப்புகளுக்கும் விடை கூறி நிலைநாட்டியதால், அந்நூலின் பெயரே ஆசாரியரின் பெயருக்கு முன்னடையாகி, சண்டமாருதம் தொட்டாசாரியார் என்று அவர் மரபினர் வழங்கப்பெறலாயினர். வேதாந்தவிஜயம், பாராசர்யவிஜயம், அத்வைதவித்யாவிஜயம், உபநிஷந்மங்களதீபிகை ஆகியனவும் அவருடையவை.

அவர் எழுதிய சூழலையும் நினைக்கவேண்டும். 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப்பின் விசயநகர அரசு வலிமை குன்றித் தெற்கே நகர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூரே அதன் தலைநகராயிற்று. அதற்குமுன் வேலூரை ஆண்ட சின்னபொம்ம நாயக்கனின் ஆதரவில், ஆரணியை அடுத்த அடையபலத்தைச் சேர்ந்த அப்பய்ய தீக்ஷிதர், சிவார்க்கமணிதீபிகை முதலான நூல்களை இயற்றிச் சைவத்தையும் அத்வைதத்தையும் நிறுவிவந்தார். சின்னபொம்மன் அவருக்குக் கனகாபிஷேகம் செய்ததை 1582-ஆம் ஆண்டு அடையபலம் கல்வெட்டு பதிவுசெய்கிறது. ஆக, அந்நூற்றாண்டில் பாலாற்றுப் படுகை தென்னாட்டு வேதாந்த வாதங்களின் களமாக இருந்தது. ஆற்றுக்கு ஒருபுறம் சிவார்க்கமணிதீபிகையும் மறுபுறம் சண்டமாருதமும் எழுதப்பட்டன.

அதே அப்பய்ய தீக்ஷிதர், காஞ்சிப் பேரருளாளன்மீது வரதராஜஸ்தவம் என்ற தோத்திரத்தையும் இயற்றி, அதற்குத் தாமே உரையும் எழுதினார். தேசிகனின் யாதவாப்யுதயத்துக்கும் அவர் உரை உண்டு. சித்தாந்தத்தில் எதிரெதிர் நின்ற ஒரே நிலத்துப் பேரறிஞர் இருவரும், காஞ்சியில் ஒரே திருமேனியை நோக்கிப் பாடினர். வாதம் வாதமாகவே நிற்க, பேரருளாளனின் வடிவழகு இருவரையும் ஈர்த்தது.

மஹாசாரியரின் மாணவர் ஸ்ரீநிவாஸதாஸர். விசிஷ்டாத்வைதம் பயிலப் புகுவோர் முதலில் கையில் எடுக்கும் யதீந்த்ரமததீபிகை அவர் இயற்றியது. பிரமாணம் முதல் அத்ரவ்யம் வரை சித்தாந்தப் பொருள்களைப் பத்து அவதாரங்களாகப் பகுத்துரைக்கும் அச்சிறுநூல், தமிழகத்துக்கு வெளியேயும் விசிஷ்டாத்வைதத்தின் வாயிலாயிற்று. ஆழ்கொண்டவில்லி கோவிந்தாசாரியர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஜெர்மானிய சமய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1916-இல் டூபிங்கன் நகரில் வெளியிட்டார். காஞ்சிவரை செல்லமுடியாமல் ஓராண்டு குளக்கரையில் நின்றவரின் கல்வி, மாணவரின் நூல் வழியே ஐரோப்பா வரை சென்றது. யாத்திரிகர் செல்லாத தூரத்துக்கு ஏடுகள் சென்றன.

ஸ்வகதமும் பரகதமும்

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் ஸ்வகத ஸ்வீகாரம், பரகத ஸ்வீகாரம் என்ற பாகுபாட்டை விளக்கியருளுகிறார். சேதநன் தன் முயற்சியால் எம்பெருமானைப் பற்றுவது முன்னது. எம்பெருமான் தானே சேதநனை வந்து கைக்கொள்வது பின்னது. உறுதியாய் நிலைநிற்பது பின்னதே என்பது அவர் திருவுள்ளம். இப்பாகுபாட்டின் ஒளியில் இரு வரலாறுகளும் ஒரே உண்மையின் இரு பக்கங்களாகத் தோன்றுகின்றன.

எறும்பியப்பா தம் விருப்பத்தால் திருவரங்கம் சென்றார். அந்த யாத்திரை பலிக்கவில்லை. பெருமான் கதவடைத்து அவரை அனுப்பியபின் சென்ற யாத்திரை பலித்தது. இரண்டு முறையும் வழி ஒன்றே, நடந்த கால்களும் அவையே. அனுப்பியவன் மட்டும் வேறு. தொட்டாசாரியாரிடத்தில் இது இன்னும் ஒருபடி சென்றது. அங்கே நடந்தவனும் எம்பெருமானே. ஒருவருக்குக் கதவை அடைத்ததும் அருள். மற்றொருவருக்குக் கோபுரவாசலைக் கடந்து வந்ததும் அருள்.

இதனால் யாத்திரை வேண்டா என்பது பொருளன்று. தொட்டாசாரியார் தடைப்படும்வரை ஆண்டுதோறும் சென்றவர், செல்லமுடியாதபோது அழுதவர். எறும்பியப்பா இரண்டாம் முறையும் நெடுவழி நடந்தவர். செல்லவேண்டும் என்ற தாபம் இல்லாத இடத்தில் குளக்கரைக் காட்சிக்கும் இடமில்லை. ஆனால் அந்த நடை உபாயமன்று. பிராப்யருசியின் வெளிப்பாடு, கைங்கரியம். பிரபந்நனின் தலவாஸமும் தலயாத்திரையும் கைங்கரியமே என்பதில் இரு கலையாருக்கும் வேறுபாடில்லை. ரஹஸ்யத்ரயஸாரத்தின் ஸ்தாநவிசேஷாதிகாரத்தில் தேசிகன், வாழத்தக்க இடம் எது என்ற வினாவுக்கு விடையளிக்கையில், பாகவதர்கள் வாழும் இடத்தையே சிறப்பித்துக் காட்டுகிறார். இடத்தின் ஏற்றம் அங்கே வாழும் அடியார்களால் வருவது. மாமுனிகளின் சீடரும், தேசிகனின் நூலுக்கு உரைகண்டவரும் ஒரே மலையடிவாரத்தில் தோன்றியமை, இக்கருத்துக்கு அந்நிலமே எழுதிய உரைபோல் அமைகிறது.

தோல்நிலமும் யாத்திரிகனும்

இன்று சோளிங்கருக்குச் செல்வது எளிது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இடப்பட்டபோதே இப்பகுதி ரயில்வழியில் சேர்ந்தது. பெரியமலையின் 1305 படிகளை ஏற இயலாதோர்க்கு 2024-இல் கம்பிவட ஊர்தியும் வந்துவிட்டது. நடக்கமுடியாமையால் தடைப்படும் யாத்திரைகள் குறைந்துள்ளன. ஆனால் எறும்பியப்பாவின் முதல் யாத்திரையைத் தடுத்த வகைத் தடை குறைந்திருக்கிறதா என்பது வேறு வினா.

தோல் பதனிடும் ஊர்களைக் கடக்கும் யாத்திரிகன், வண்டிக் கதவுகளை அடைத்து, மூக்கை மூடி, அந்த ஊர்களை வழியில் வந்த இடையூறாகவே எண்ணிச் செல்வதுண்டு. பள்ளிகொண்டாவுக்கு இருபுறமும் அத்தகைய ஊர்களே. தொடக்கத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட தொழில் இது. 1970-களில் பதனிட்ட முழுத்தோல், தோற்பொருள் ஏற்றுமதியை நோக்கி அரசின் கொள்கை திரும்பியபோது குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. உலகம் அணியும் காலணிகளுக்கான விலையில் ஒரு பகுதியைப் பாலாறு செலுத்தியது. நிலத்தடி நீரும் விளைநிலமும் கெட்டன. 1996 ஆகஸ்டு 28-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை உச்சநீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் அத்தீர்ப்பு, க்ஷீரநதியின் துயரத்திலிருந்து பிறந்தது.

ஆறு கெட்டது ஒரு துயரம். அதன் கரையில் உழைப்பவனைத் தாழ்வாக நோக்குவது மற்றொரு துயரம். ஸம்ப்ரதாயத்தின் நோக்கில் அதுவே பெரிது. தோலைத் தொடும் கைகளைச் சாதியின் பெயரால் விலக்கிவைத்த வழக்கம் இந்நாட்டில் நெடிது. பாகவதனின் பிறப்பை ஆராய்தல் கொடிய அபசாரம் என்று ஸ்ரீவசனபூஷணமும், அதன் வழியில் ஆசார்ய ஹ்ருதயமும் ஐயத்துக்கிடமின்றி உரைக்கின்றன. திருக்குறுங்குடி நம்பியைப் பாடச் சென்ற நம்பாடுவானின் யாத்திரையைக் கைசிக ஏகாதசிதோறும் திவ்யதேசங்கள் வாசித்துக் கொண்டாடுகின்றன. கொண்டாடுவது ஒருபுறமிருக்க, வழியில் எதிர்ப்படும் அடியவனை விலக்கிக் கடந்தால், திருவாராதனக் கதவு திறவாது என்பதற்கு எறும்பியே சான்று.

திவ்யதேச யாத்திரைகள் இன்று கணக்கிடப்படுகின்றன. 108-இல் எத்தனை ஸேவித்தாயிற்று என்பது உரையாடலின் முதல் வினாவாகிறது. அக்கணக்கில் திருக்கடிகை ஓர் எண்ணாகவும், எறும்பி எண்ணில் சேராத ஊராகவும், பள்ளிகொண்டா நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகையாகவும் கழிந்துபோகின்றன. தினசரியை பிறந்த ஊரைத் தேடிச் செல்வோரும், தக்கான் குளக்கரையில் சண்டமாருதத்தை நினைப்போரும் அருகிவருகின்றனர். மலையேறி ஒரு நாழிகை நிற்பதோடு, எறும்பியில் தினசரியையையும் குளக்கரையில் தேவராஜ பஞ்சகத்தையும் அனுஸந்தித்து, பள்ளிகொண்டாவில் ஆற்றையும் அதன் கரையில் வாழ்வோரையும் கண்ணெடுத்துப் பார்த்துத் திரும்பும் யாத்திரையே இந்நிலத்துக்கு ஏற்றது.

வைகாசி கருடஸேவையன்று காஞ்சிக் கோபுரவாசலில் குடைகள் தாழும்போது, அங்கே நிற்பவர்களுக்குப் பெருமான் திருமேனி தெரிவதில்லை. அவன் எங்கே எழுந்தருளியிருக்கிறான் என்பதை மட்டும் அவர்கள் அறிவர்: வர இயலாதவன் நிற்கும் இடத்தில்.